ஒர்க்கர்ஸ் காம்ப் பிரீமியமும் நான்கு இலக்கக் கோடும்: அமெரிக்காவில் சிறு தொழில் நடத்துவோருக்கு முழு வழிகாட்டி

மாவு அரைக்கும் கிரைண்டருக்குப் பக்கத்தில் அந்தக் கடிதம் கிடந்தது. ஒரு மூலையில் மாவு பட்டுக் காய்ந்திருந்தது. அட்லாண்டாவுக்கு வடக்கே இருக்கும் ஒரு உணவகம் அது. அதன் உரிமையாளருக்கு நான்தான் பல வருடமாகப் பேரோல், அதாவது ஆட்களின் சம்பளக் கணக்கு, பார்க்கிறேன். "என்ன தம்பி இது? வருஷம் முழுக்க மாசாமாசம் ஒழுங்கா கட்டினேன். இப்போ இன்னும் 3,408 டாலர் கேக்குறாங்க" என்றார்.

கடிதத்தைப் படித்தேன். ஒர்க்கர்ஸ் காம்ப், அதாவது வேலையில் அடிபடும் ஆட்களுக்கான இன்ஷூரன்ஸ், எடுத்த கம்பெனி ஆடிட் முடித்து அனுப்பிய இறுதி பில். அதில் தப்பு எதுவும் இல்லை. வருட ஆரம்பத்தில் பாலிசி எடுத்தபோது மொத்தச் சம்பளம் 2,40,000 டாலர் வரும் என்று சொல்லியிருந்தார். அதில் 70,000 டாலர் "ஆபீஸ் வேலை" என்று எழுதியிருந்தது. அது அவர் மனைவிக்கும் மருமகனுக்கும் போகும் சம்பளம். வியாபாரம் நன்றாகப் போனது, ஆட்களைக் கூட்டினார், வருட முடிவில் சம்பளம் 3,90,000 ஆகிவிட்டது. அதோடு, மனைவியும் மருமகனும் பெரும்பாலும் கேஷ் கவுன்டரில்தான் நிற்கிறார்கள் என்பதை ஆடிட்டர் நேரில் பார்த்துவிட்டார். அவர்களை ஆபீஸ் கோடிலிருந்து எடுத்து உணவகக் கோடில் போட்டுவிட்டார். கோடு (code) என்பது எந்த வகை வேலை என்று காட்டும் நான்கு இலக்க எண், அதை வைத்துத்தான் ரேட்.

சம்பளம் கூடியதால் வந்தது 2,400 டாலர். கோடு மாறியதால் வந்தது 1,008 டாலர். இந்த இரண்டாவது தொகையைப் பற்றித்தான் இங்கே அதிகம் எழுதப் போகிறேன். முதலாவதைப் பேரோல் ரிப்போர்ட் பார்த்தாலே ஊகித்துவிடலாம். இரண்டாவது எங்கிருந்து வருகிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. உணவகம் என்பதால் ஆயிரத்தோடு போயிற்று. கட்டட வேலை செய்பவராக இருந்திருந்தால் இதே தவறு பல ஆயிரங்களை விழுங்கியிருக்கும்.

முதலில்: இந்தச் சட்டம் உங்களைத் தொடுகிறதா?

ஒர்க்கர்ஸ் காம்ப் என்பது வேலையில் அடிபட்டவருக்கு மருத்துவச் செலவும் இழந்த சம்பளத்தில் ஒரு பகுதியும் தரும் இன்ஷூரன்ஸ். யார் மேல் தப்பு என்று பார்ப்பதில்லை. அதற்குப் பதிலாக, தொழிலாளி முதலாளி மேல் வழக்குப் போடும் உரிமையைப் பெரும்பாலும் விட்டுக்கொடுக்கிறார். இந்த ஏற்பாடு சுலபமாக வந்துவிடவில்லை. நியூயார்க் மாநிலம் 1910-இல் கொண்டுவந்த சட்டத்தை அந்த மாநிலத்தின் உயர்ந்த நீதிமன்றம் 1911 மார்ச் 24 அன்று செல்லாது என்றது. மறுநாள், மார்ச் 25 அன்று, நியூயார்க் நகரில் டிரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலையில் தீப்பிடித்து 146 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் குடியேறி வந்த இளம்பெண்கள். நான் பிரீமியம் கணக்குப் போடும்போதெல்லாம் இந்த இரண்டு தேதிகளும் நினைவுக்கு வரும். நாம் கட்டும் பணம் எதற்கு என்பதை அவை எனக்கு மறக்க விடுவதில்லை.

இது மத்தியச் சட்டம் இல்லை. ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு சட்டம். ஜார்ஜியாவிலும் வடக்கு கரோலினாவிலும் 3 பேர் வேலை செய்தால் கட்டாயம். தெற்கு கரோலினாவில் 4 பேர், அலபாமாவில் 5 பேர். ஃப்ளோரிடாவில் சாதாரணத் தொழிலுக்கு 4 பேர், கட்டட வேலைக்கு ஒரே ஒருவர் இருந்தாலும் போதும். டெக்சாஸில் தனியார் முதலாளிகளுக்குக் கட்டாயம் இல்லை. ஆனால் எடுக்காதவர் மேல் அடிபட்ட தொழிலாளி நேரடியாக வழக்குப் போடலாம். ஒஹாயோ, வாஷிங்டன், வடக்கு டகோட்டா, வயோமிங் ஆகிய நான்கு மாநிலங்களில் அரசு நிதியத்திடம்தான் வாங்க வேண்டும், தனியார் கம்பெனியிடம் வாங்க முடியாது.

பகுதி நேர ஆட்களும் கணக்கில் சேருவார்கள். "சனி ஞாயிறு மட்டும் வருவாங்க" என்பது விலக்கு ஆகாது.

பிரீமியம் எப்படி வருகிறது

ஒவ்வொரு 100 டாலர் சம்பளத்துக்கும் ஒரு ரேட். அதுதான் அடிப்படை. மொத்தச் சம்பளத்தை 100-ஆல் வகுத்து, ரேட்டால் பெருக்கி, அதை எக்ஸ்பீரியன்ஸ் மாட் என்ற எண்ணால், அதாவது உங்கள் பழைய விபத்துக் கணக்கைக் காட்டும் எண்ணால், மறுபடி பெருக்க வேண்டும். அப்புறம் சில சிறு கட்டணங்களும் தள்ளுபடிகளும் வரும்.

ரேட்டை நிர்ணயிப்பது கிளாஸ் கோடு என்ற நான்கு இலக்க எண். முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் இந்தக் கோடுகளை வைத்திருப்பது என்.சி.சி.ஐ. என்ற அமைப்பு. கலிபோர்னியா, நியூயார்க், நியூஜெர்சி, பென்சில்வேனியா போன்ற மாநிலங்களுக்குச் சொந்த அமைப்புகள் உண்டு. கோடுகளில் பல ஒரே மாதிரி இருந்தாலும் எல்லாமே ஒன்று இல்லை. அதனால் நியூஜெர்சியில் இருக்கும் உறவினர் சொன்ன கோடை ஜார்ஜியாவில் அப்படியே எழுதிவிடாதீர்கள்.

ஒவ்வொரு கோடுக்கும் அந்த வகைத் தொழில்களில் நடந்த விபத்துச் செலவுகளை எல்லாம் திரட்டி, 100 டாலர் சம்பளத்துக்கு எவ்வளவு இழப்பு என்று கணக்கிடுகிறார்கள். என்.சி.சி.ஐ. மாநிலங்கள் பலவற்றில் அந்த அடிப்படை எண்ணை அரசு ஏற்றுக்கொண்ட பிறகு, ஒவ்வொரு இன்ஷூரன்ஸ் கம்பெனியும் தன் செலவுக்கும் லாபத்துக்கும் ஏற்ற ஒரு பெருக்கலை வைத்துத் தன் ரேட்டைச் சொல்கிறது. கோடு ஒன்றாக இருந்தாலும் கம்பெனிக்குக் கம்பெனி விலை மாறுவது இதனால்தான். நான்கைந்து இடத்தில் கொட்டேஷன் வாங்குவது வீண்வேலை இல்லை.

கோடுகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளி மிகப் பெரியது. ஆபீஸில் உட்கார்ந்து வேலை செய்பவருக்கான 8810-க்கு 100 டாலருக்குச் சில சென்ட்தான் ஆகும். கூரை வேலைக்கான 5551-க்கு அது பல மாநிலங்களில் இரட்டை இலக்க டாலராக இருக்கும். ஒரே சம்பளம் வாங்கும் இருவரில் ஒருவருக்கு வருடம் நூறு டாலர் கூட ஆகாமலும், மற்றவருக்கு ஐயாயிரத்துக்கு மேல் ஆவதாகவும் இருக்கலாம்.

கோடு ஆளுக்கு இல்லை, தொழிலுக்கு

பெரும்பாலானோர் தடுமாறும் இடம் இது. நம் ஆட்கள் ஒவ்வொருவருக்கும் அவரவர் வேலையைப் பார்த்து ஒரு கோடு கொடுப்பார்கள் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. உங்கள் தொழில் என்ன என்று பார்த்து, அதற்கு ஒரு கோடு கொடுத்து, அதற்குள் எல்லோரையும் போடுவார்கள்.

உணவகத்தில் தோசை போடுபவர், பாத்திரம் கழுவுபவர், பரிமாறுபவர், கேஷியர், மேற்பார்வை பார்க்கும் மேனேஜர் எல்லோருக்கும் ஒரே கோடுதான். என்.சி.சி.ஐ. மாநிலங்களில் மேசையில் பரிமாறும் உணவகத்துக்கு 9082, ஃபாஸ்ட் ஃபுட் கடைக்கு 9083. பாத்திரம் கழுவுபவருக்கு விபத்து அபாயம் அதிகம், கேஷியருக்குக் குறைவு என்பது உண்மைதான். ஆனால் அந்த ரேட்டே இவர்கள் எல்லோரையும் சேர்த்துப் போட்ட சராசரி. கேஷியரை வெளியே எடுத்தால் சராசரியே பொய்யாகிவிடும்.

சில்லறை மளிகைக் கடைக்கு 8006. இறைச்சி, மளிகை இரண்டையும் சேர்த்து விற்கும் பெரிய கடைக்கு 8033, இறைச்சிக் கடைக்கு 8031. ஆரம்பத்தில் பருப்பும் அரிசியும் மட்டும் விற்றவர், பின்னால் ஆட்டுக்கறி வெட்டும் கவுன்டர் போட்டால், அன்றே ஏஜென்டிடம் சொல்லிவிடுவது நல்லது. கறி வெட்டும் மெஷினில் விரல் போவது மளிகைக் கோடு எதிர்பார்க்கும் விபத்து இல்லை. விபத்து நடந்த பிறகு ஆடிட்டரிடம் சொல்வதை விட, கவுன்டர் போட்ட அன்று சொல்வது எல்லோருக்கும் நல்லது.

நம்மவர் பலர் நடத்தும் ஐ.டி. கன்சல்டிங் கம்பெனிகளுக்கும் இந்த நுணுக்கம் உண்டு. ஆபீஸிலேயே உட்கார்ந்து எழுதும் புரோகிராமர் 8810. வாடிக்கையாளர் இடங்களுக்குப் பயணம் போய் வேலை செய்பவர் 8803. சர்வர் பொருத்த, கேபிள் இழுக்க, மெஷின் சரி பண்ணப் போகிறவர் 8810-க்குள் வர மாட்டார், அவர் 5191 பக்கம் போவார். "எல்லாரும் கம்ப்யூட்டர் ஆளுங்கதானே" என்று ஒரே வரியில் எழுதிக் கொடுத்த கம்பெனிகளை நான் பார்த்திருக்கிறேன்.

உங்கள் தொழிலை நீங்களே எழுதுங்கள்

கோடைத் தீர்மானிப்பது ஏஜென்டுக்கும் அண்டர்ரைட்டருக்கும் (இன்ஷூரன்ஸ் கம்பெனியில் அபாயத்தை எடைபோட்டு விலை வைப்பவர்) கையில் கிடைக்கும் விவரணை. பாலிசி எடுக்கும் அவசரத்தில் "ஃபுட் பிசினஸ்" என்று இரண்டு சொல் போனால், அதை வைத்து அவர்கள் ஊகிப்பார்கள். அந்த ஊகம் வருடக்கணக்கில் உங்கள் பாலிசியில் ஒட்டிக்கொள்ளும்.

அதனால் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். என்ன விற்கிறீர்கள், எங்கே விற்கிறீர்கள், வருமானத்தில் சில்லறை எவ்வளவு, மொத்த வியாபாரம் எவ்வளவு, என்னென்ன மெஷின் இருக்கிறது, எத்தனை வண்டி, யார் டெலிவரி செய்கிறார்கள், ஏணியில் ஏறும் வேலை உண்டா, வெளியில் யாரிடமாவது வேலை கொடுக்கிறீர்களா. ஒவ்வொரு ஆளின் பெயருக்கும் எதிரே அவர் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து மாலை வரை என்ன செய்கிறார் என்று ஒரு வரி. வேலையின் பட்டத்தை எழுதினால் போதாது. "மேனேஜர்" என்ற சொல் ஒரு கோடையும் தீர்மானிக்காது. அவர் நாள் முழுக்க எங்கே நிற்கிறார், கை எதைத் தொடுகிறது என்பதுதான் தீர்மானிக்கும்.

ஒரே இடத்தில் உணவகமும் மளிகையும் நடத்துகிறீர்களா? இரண்டாவது தொழிலுக்கு வேறு கோடு கிடைக்க வேண்டுமானால், அது தனியாகவே நடக்கக்கூடிய தொழிலாக இருக்க வேண்டும், இடம் சுவரோ தடுப்போ வைத்துப் பிரிந்திருக்க வேண்டும், ஆட்கள் இங்கும் அங்கும் மாறக் கூடாது. மதியக் கூட்டத்தில் மளிகைப் பையன் வந்து தட்டு எடுத்தால் அந்தப் பிரிவு ஆடிட்டில் நிற்காது.

8810: எல்லோரும் ஆசைப்படும் கோடு

தொழிலின் கோடுக்குள் எல்லோரும் போவார்கள் என்றேனே, அதற்குச் சில விலக்குகள் உண்டு. ஆபீஸ் எழுத்தர்கள் 8810, வெளியில் சுற்றும் விற்பனையாளர்கள் 8742, பெரும்பாலும் வீட்டிலிருந்தே எழுத்தர் வேலை செய்பவர்கள் 8871. டிரைவர்களுக்கு 7380 என்ற தனிக் கோடு இருந்தது. அதைப் பல மாநிலங்களில் எடுத்துவிட்டார்கள், டிரைவர்கள் இப்போது அந்தந்தத் தொழிலின் கோடிலேயே சேர்கிறார்கள்.

8810-க்கு இரண்டு சோதனை. வேலை எழுத்தர் வேலையாக மட்டுமே இருக்க வேண்டும். இடமும் மற்ற வேலை நடக்கும் இடத்திலிருந்து சுவராலோ தளத்தாலோ தடுப்பாலோ பிரிந்திருக்க வேண்டும். கடைக் கவுன்டரில் நிற்பது, சரக்கு எண்ணுவது, பார்சல் கட்டுவது எதுவும் இதில் வராது. காலை முழுக்க இன்வாய்ஸ் போட்டுவிட்டு மதியம் இரண்டு மணி நேரம் பார்சல் கட்டுபவர் எழுத்தர் இல்லை. அவருடைய முழுச் சம்பளமும் தொழிலின் கோடுக்குப் போய்விடும். இரண்டாகப் பிரிக்க விதி இடம் தராது. இது கொஞ்சம் கடுமையாகத்தான் தெரியும். ஆனால் அடுப்புக்குப் பக்கத்தில் போகும் ஒருவருக்கு அடுப்பின் அபாயமும் உண்டு என்பது நியாயமே.

8742-ம் அப்படித்தான். கேட்டரிங் ஆர்டர் பிடிக்க வெளியே போகிறவர், போகும்போது சாம்பார் டிரேயையும் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தால், அவர் விற்பனையாளர் கோடில் நிற்க முடியாது. பொருளைக் கையில் தொட்டு டெலிவரி செய்யாதவருக்குத்தான் அந்தக் கோடு.

கட்டட வேலை: இங்கே டைம் ஷீட்தான் பணம்

கட்டட வேலையில் விதி தலைகீழ். ஒரே ஆள் பல வேலை செய்யலாம், ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கோடு, அவருடைய சம்பளத்தை மணி நேரப்படி பிரிக்கலாம். பெயின்டிங் 5474, டைல் பதிப்பது 5348, டிரைவால் (சுவர்ப் பலகை) 5445, கேபினெட்டும் உள் மர வேலையும் 5437, கூரை 5551. ஆனால் ஒரு நிபந்தனை. யார், எந்தத் தேதியில், எந்த வேலையை, எத்தனை மணி நேரம் செய்தார், அதற்கு எவ்வளவு சம்பளம் என்று பதிவு இருக்க வேண்டும். இல்லையென்றால் அவர் செய்த வேலைகளில் எதற்கு ரேட் அதிகமோ அதற்குள் அவர் முழுச் சம்பளமும் போகும்.

ஒரு கணக்கு பார்ப்போம். ரேட்டுகள் விளக்கத்துக்காக நான் வைத்தவை, உங்கள் மாநில ரேட் வேறாக இருக்கும். வீடு புதுப்பிக்கும் ஒரு சிறு கம்பெனி, மொத்தச் சம்பளம் 3,00,000 டாலர். ஆபீஸில் ஒருவர் 30,000. மற்றவர்கள் எல்லோரும் எல்லா வேலையும் செய்கிறார்கள்.

பதிவு இருந்தால்: பெயின்டிங் 1,20,000-க்கு 5 டாலர் ரேட்டில் 6,000. டைல் 1,00,000-க்கு 3 டாலரில் 3,000. கூரை 50,000-க்கு 15 டாலரில் 7,500. ஆபீஸுக்கு 20 சென்டில் 60. மொத்தம் 16,560 டாலர்.

பதிவு இல்லாவிட்டால்: 2,70,000 முழுவதும் கூரை ரேட்டில், 40,500. ஆபீஸ் 60. மொத்தம் 40,560.

வித்தியாசம் 24,000 டாலர். அதே ஆட்கள், அதே வேலை, அதே வீடுகள். ஒரு நோட்டுப் புத்தகம் இல்லாததற்கு அந்த விலை.

இதில் என் தவறும் ஒன்று உண்டு. தொழிலுக்கு வந்த புதிதில், இதே மாதிரி ஒரு வாடிக்கையாளருக்கு வருடக் கடைசியில் உட்கார்ந்து "40 சதவீதம் பெயின்டிங், 35 சதவீதம் டைல், மீதி கூரை" என்று பிரித்து ஒரு அட்டவணை தயாரித்துக் கொடுத்தேன். ஆடிட்டர் பெண்மணி அதைப் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "இது நீங்கள் இப்போது போட்டதா, வேலை நடந்த அன்று போட்டதா?" என்று கேட்டார். சதவீதக் கணக்கை ஏற்றுக்கொள்ள விதியே இல்லை. முழுச் சம்பளமும் கூரைக்குப் போனது. அந்த மனிதர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது. அன்றிலிருந்து கட்டட வேலை செய்பவர்கள் யார் வந்தாலும், முதல் வாரமே அவர்கள் ஃபோனில் டைம் ஷீட் ஆப் போட்டு, ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பெயர் வைத்து, ஆட்களுக்குத் தமிழிலோ ஸ்பானிஷிலோ சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் வருகிறேன்.

கலிபோர்னியாவில் இன்னொரு வழக்கம் உண்டு. சில கட்டடக் கோடுகளுக்கு மணி நேரக் கூலியைப் பார்த்து இரண்டு ரேட். கூரை வேலைக்குக் கூலி ஒரு வரம்புக்குக் கீழே இருந்தால் 5552, மேலே இருந்தால் 5553. அனுபவம் உள்ளவருக்கு நல்ல கூலி கொடுப்பவர் 100 டாலருக்குக் குறைந்த ரேட் கட்டுகிறார். அங்கே தொழில் செய்பவர்கள் அந்த வரம்பு எவ்வளவு என்று ஒவ்வொரு வருடமும் பார்த்துக்கொள்ள வேண்டும். வரம்புக்கு ஐம்பது சென்ட் கீழே நின்றுகொண்டு அதிக ரேட் கட்டுவதில் யாருக்கும் லாபம் இல்லை. ஆனால் அங்கும் மணி நேரப் பதிவைக் காட்ட வேண்டும்.

சம்பளம் என்று எதை எண்ணுவது

கோடு சரியாக இருந்தாலும் சம்பளக் கணக்கில் சேர வேண்டாதது சேர்ந்துவிடும். உணவகக்காரர்கள் கவனியுங்கள்: டிப்ஸ் பெரும்பாலான மாநிலங்களில் பிரீமியக் கணக்கில் சேராது. பேரோல் ரிப்போர்ட்டில் டிப்ஸும் மொத்தத்தில் சேர்ந்து வரும். ஆடிட்டர் கேட்பதற்கு முன்பே அதைத் தனியாக எடுத்துக் காட்டுங்கள்.

ஓவர்டைமில் கூடுதலாகக் கொடுக்கும் பகுதியையும் பெரும்பாலான மாநிலங்களில் கழிக்கலாம். மணிக்கு 20 டாலர் வாங்குபவருக்கு ஓவர்டைமில் 30. பத்து மணி நேரத்துக்கு 300 டாலர் கொடுத்தால் அதில் 100 டாலர் கணக்கிலிருந்து போய்விடும். பென்சில்வேனியா போன்ற சில மாநிலங்களில் இந்தக் கழிவு இல்லை. கழிவு உள்ள இடத்திலும் ஓவர்டைம் தனிப் பத்தியாகப் பதிவாகியிருக்க வேண்டும்.

முதலாளி கட்டும் மருத்துவ இன்ஷூரன்ஸ், ஓய்வூதியப் பங்கு ஆகியவை சேராது. போனஸ், விடுமுறைச் சம்பளம் சேரும். கம்பெனி அதிகாரிகளாகப் பதிவான உரிமையாளர்களுக்குக் குறைந்தபட்சம், அதிகபட்சம் என்று ஒரு எல்லை உண்டு. விலக்கிக்கொள்ளவும் சில மாநிலங்கள் அனுமதிக்கின்றன. ஆனால் விலக்கிக்கொண்டு ஏணியில் ஏறுகிறீர்கள் என்றால் தயவுசெய்து யோசியுங்கள். விழுந்தால் உங்களுக்கு ஒரு பைசா வராது.

சப் கான்ட்ராக்டர்

"அவர் என் ஆள் இல்லை, 1099-தான்" (1099 என்பது தனி ஒப்பந்தக்காரருக்குக் கொடுத்த பணத்தைக் காட்டும் வரிப் படிவம்) என்ற ஒரு வரியால் நிறையப் பேர் மாட்டியிருக்கிறார்கள். நீங்கள் வேலை கொடுத்த சப் கான்ட்ராக்டரிடம் ஒர்க்கர்ஸ் காம்ப் இல்லையென்றால், அவருக்குக் கொடுத்த பணத்துக்கும் உங்களிடமே பிரீமியம் வாங்குவார்கள். வேலை தொடங்கும் முன்பே அவருடைய இன்ஷூரன்ஸ் சர்ட்டிஃபிகேட்டை வாங்குங்கள். வேலை நடந்த தேதிகள் முழுக்க அந்தப் பாலிசி செல்லுபடியாகிறதா என்று பாருங்கள். பில்லில் பொருள் செலவையும் கூலியையும் பிரித்து எழுதச் சொல்லுங்கள்.

கலிபோர்னியாவில் இது இன்னும் கடுமை. 2018-இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் டைனமெக்ஸ் வழக்கில் ஒருவர் தொழிலாளியா, தனி ஒப்பந்தக்காரரா என்று பார்க்கச் சொன்ன மூன்று அம்சச் சோதனையை, 2020 ஜனவரி 1 முதல் ஏ.பி.5 என்ற சட்டம் விரிவாக்கியது. உங்கள் வழக்கமான தொழிலையே செய்பவரைத் தனி ஒப்பந்தக்காரர் என்று காட்டுவது அங்கே மிகக் கடினம்.

ஆடிட்டுக்குத் தயாராவது

வருட ஆரம்பத்தில் நீங்கள் கட்டுவது மதிப்பீடு மட்டுமே. பாலிசி முடிந்த பின் உண்மையான சம்பளத்தையும் வேலையையும் பார்த்து இறுதிக் கணக்கு வரும். பாலிசி முடிந்து மூன்று வருடம் வரை ஆடிட் செய்ய கம்பெனிக்கு உரிமை உண்டு என்று பாலிசியிலேயே எழுதியிருக்கிறது. ஒத்துழைக்காவிட்டால் பல மாநிலங்களில் மதிப்பீட்டுப் பிரீமியத்தைப் போல இரண்டு மடங்கு வரை அபராதம் விழும்.

கையில் வைத்திருக்க வேண்டியவை: காலாண்டு 941 படிவங்கள் (மத்திய அரசுக்குக் கொடுக்கும் சம்பள வரிப் படிவம்), மாநிலக் காலாண்டுச் சம்பள ரிப்போர்ட், ஆள்வாரியான பேரோல், 1099-கள், சப் கான்ட்ராக்டர் சர்ட்டிஃபிகேட்டுகள், டைம் ஷீட், செக் புத்தகக் கணக்கு. முன்பு நீங்கள் எழுதி வைத்த அந்த ஒரு பக்க விவரணையும் கூட இருக்கட்டும். ஆடிட்டர் வரும்போது கடையில் யாராவது ஒரு புது ஆளை விட்டுப் பேசச் சொல்லாதீர்கள். வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்தவர் பேசட்டும். நடப்பதை நடப்பது போலவே சொல்லட்டும். சம்பளத்தை மறைப்பதும் வேலையை மாற்றிச் சொல்வதும் இன்ஷூரன்ஸ் மோசடி, குற்ற வழக்கு வரை போகும். நம் ஆள் ஒருவர் கூரையிலிருந்து விழுந்து ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது "இவர் எழுத்தர்" என்ற தாளோடு யாரும் நிற்கக் கூடாது.

ஆடிட் தாள் வந்ததும் பில் தொகையை மட்டும் பார்க்காதீர்கள். ஒவ்வொரு கோடும், ஒவ்வொரு பெயரும் எங்கே போயிருக்கிறது என்று வரி வரியாகப் பாருங்கள்.

கோடு தப்பாக இருந்தால்

முதலில் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் கேளுங்கள். எந்த விவரணையை வைத்து இந்தக் கோடு கொடுத்தீர்கள், ஆடிட்டரின் பணித்தாள்களைக் கொடுங்கள் என்று கேட்கலாம். அவர்கள் ஏற்காவிட்டால், என்.சி.சி.ஐ. மாநிலங்களில் என்.சி.சி.ஐ.-யிடமும், மற்ற மாநிலங்களில் அந்தந்த அமைப்பிடமும் முறையிடலாம். நேரில் வந்து பார்க்கவும் கேட்கலாம். தகராறு வராத பகுதிப் பணத்தை அந்த நேரத்தில் கட்டிவிடுங்கள். அதைக் கட்டாமல் விட்டால் பாலிசியே ரத்தாகலாம்.

என்.சி.சி.ஐ. விதியில் நமக்குச் சாதகமான ஒன்று இருக்கிறது. கோடைத் திருத்தியதால் பிரீமியம் குறைந்தால், அந்தத் திருத்தம் பாலிசி தொடங்கிய நாளிலிருந்தே செல்லும். கூடினால், பாலிசியின் முதல் 120 நாளுக்குள் கண்டுபிடித்தால்தான் தொடக்கத்திலிருந்து செல்லும். அதற்குப் பின் என்றால் கண்டுபிடித்த நாளிலிருந்து. கடைசி 90 நாளில் கண்டுபிடித்தால் அடுத்த பாலிசிக்குத்தான். கட்டட வேலைக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை, நாம் விவரத்தை மறைத்திருந்தாலும் இல்லை. முன்கூட்டியே உண்மையான விவரணையை எழுதிக் கொடுத்தவருக்கு மட்டுமே இந்த விதியைக் காட்டிப் பேச முடியும்.

மாட் என்ற பெருக்கல்

பிரீமியம் ஒரு அளவைத் தாண்டிய தொழில்களுக்கு எக்ஸ்பீரியன்ஸ் மாட் வரும். 1.00 என்றால் உங்கள் கோடில் இருப்பவர்களின் சராசரி. 20,000 டாலர் பிரீமியத்துக்கு மாட் 0.85 என்றால் 17,000, 1.20 என்றால் 24,000. மூன்று வருடக் கணக்கைப் பார்ப்பார்கள், கடைசியாக முடிந்த வருடத்தை விட்டுவிட்டு. 2026 ஜனவரியில் தொடங்கும் மாட்டுக்கு 2022, 2023, 2024 பாலிசிகள். இன்று நடக்கும் விபத்து நாளையே தெரியாது, ஆனால் மூன்று வருடம் கூடவே வரும்.

மொத்தச் செலவு ஒன்றாகவே இருந்தாலும், ஒரு பெரிய விபத்தை விடப் பல சின்ன விபத்துகள் மாட்டை அதிகம் ஏற்றும். மருத்துவச் செலவோடு முடிந்து, சம்பள இழப்பு இல்லாத விபத்தானால் பெரும்பாலான என்.சி.சி.ஐ. மாநிலங்களில் அந்தச் செலவில் 30 சதவீதம்தான் கணக்கில் வரும். அதனால் அடிபட்டவருக்கு மருத்துவர் அனுமதிக்கும் இலேசான வேலை கொடுத்து, சம்பளம் நிற்காமல் பார்த்துக்கொள்வது அவருக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது.

கோடு மாட்டையும் தொடும் என்பது பலருக்குத் தெரியாது. உங்கள் கோடில் எவ்வளவு இழப்பு எதிர்பார்க்கப்படுகிறதோ அதோடுதான் உங்கள் உண்மையான இழப்பை ஒப்பிடுகிறார்கள். தவறாக அதிக ரேட் கோடில் இருந்தால், எதிர்பார்ப்பும் அதிகம், அதனால் மாட் தாழ்வாகத் தெரியும். கோடைத் திருத்தினால் ரேட் குறையும், ஆனால் மாட் மறுபடி கணக்கிடப்பட்டு ஏறலாம். திருத்தம் கேட்கும் முன்பு இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏஜென்டிடம் கேட்டால் போட்டுத் தருவார்.

ஜார்ஜியாவில் போதைப் பொருள் இல்லாத பணியிடம் என்று மாநிலச் சான்று வாங்கினால் 7.5 சதவீதத் தள்ளுபடி உண்டு. அதைக் கேட்காமலே விட்ட கடைகள் நிறைய.

புதுப்பிக்கும் முன்

பாலிசி முடிய இரண்டு மாதம் இருக்கும்போது உட்காருங்கள். சம்பளம் எவ்வளவு கூடியது, புது வேலை ஏதும் தொடங்கினீர்களா, யாருடைய வேலை மாறியது என்று பார்த்து, நடுவருடத்திலேயே மதிப்பீட்டைத் திருத்தச் சொல்லுங்கள். வருடக் கடைசியில் மொத்தமாக வரும் பில்லை விட மாதாமாதம் கொஞ்சம் கூடுதலாகக் கட்டுவது தாங்கும். சம்பளம் ஓடும்போதே பிரீமியம் கட்டும் முறையும் பல பேரோல் கம்பெனிகளிடம் இருக்கிறது. சிறு உணவகங்களுக்கு நான் அதைத்தான் பரிந்துரைக்கிறேன்.

அந்தக் கிரைண்டர்க் கடைக்காரரிடம் நாங்கள் செய்தது இதுதான். மருமகன் சரக்குக்கு ஆர்டர் போடுவதும் பேரோலும் மட்டும் பார்ப்பது என்று முடிவானது. மாடியில் பழைய பாத்திரங்கள் அடைத்துக் கிடந்த அறையைக் காலி செய்து, ஒரு மேசையும் கம்ப்யூட்டரும் போட்டோம். கூட்டம் எவ்வளவு இருந்தாலும் கீழே இறங்கிப் பரிமாறக் கூடாது என்று அவருக்குக் கண்டிப்பாகச் சொன்னோம். கடைக்காரரின் மனைவிக்குக் கவுன்டர்தான் பிடிக்கும், அவர் உணவகக் கோடிலேயே இருந்தார். சம்பள மதிப்பீட்டை ஜூலையில் ஒரு தரம் திருத்தினோம். மறு வருடம் வந்த ஆடிட்டர் மாடி ஏறிப் போய் அறையைப் பார்த்தார், மருமகனிடம் ஐந்து நிமிடம் பேசினார், டிப்ஸ் கணக்கை ஒரு தரம் கூட்டிப் பார்த்தார். ஒரு மாதம் கழித்து வந்த இறுதி பில் 212 டாலர். அதை அன்றே கட்டினார்.